முதிய செல்லப்பிராணிகளுக்கான லேசர் சிகிச்சை

வயதான நாய், பூனைகளின் மூட்டுவலியைத் தணிக்கவும் புண் ஆறுவதைத் தூண்டவும் சிவப்பு ஒளியையோ அதை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியையோ தோலின்மேல் செலுத்தும் மருத்துவ முறை இது. ஃபோட்டோபயோமாடுலேஷன் என்றும் அழைக்கப்படுகிறது. அறுவை மருத்துவத்தில் பயன்படும் லேசர் திசுவை வெட்டும், பொசுக்கும். இந்த லேசர் அதைச் செய்வதில்லை. உறிஞ்சப்பட்ட ஒளி செல்லுக்குள் தூண்டும் வேதிமாற்றங்களையே இது நம்பியிருக்கிறது.

முதுமையில் மூட்டுத் தேய்வு எவ்வளவு பரவலானது என்பதைப் பூனைகள் காட்டுகின்றன. 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, அவற்றில் 90 பூனைகளிடம் மூட்டுச் சிதைவின் அடையாளங்களைக் கண்டது. பூனை வலியால் கத்துவதில்லை. ஜன்னல் திண்டுக்குத் தாவுவதை நிறுத்திவிடும். முதுகை நக்கிச் சுத்தம் செய்யாததால் மயிர் சிக்கேறும். நாய் மாடிப்படி முன் தயங்கி நிற்கும், காலையில் எழச் சிரமப்படும். ‘வயதாகிவிட்டது’ என்று வீட்டார் விட்டுவிடும் இந்த மாற்றங்களில் பெரும்பகுதி மருத்துவத்துக்கு உரிய வலி.

தோற்றம்

தியோடர் மைமன் 1960-இல் முதல் ரூபி லேசரை இயக்கினார். 1967-இல் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசரால் கட்டியை அழித்த அமெரிக்க ஆய்வொன்றை எலிகளில் செய்து பார்க்க முயன்றார். அவருடைய கருவி மிகவும் வலுக்குறைந்தது. கட்டிகள் அழியவில்லை, ஆனால் ஒளி பட்ட எலிகளின் மழித்த தோலில் மயிர் விரைவாக வளர்ந்தது. அதன்பின் அவர் மனிதர்களின் ஆறாப் புண்களுக்கு இதைப் பயன்படுத்தினார்.

செயல்படும் விதமும் அளவும்

ஒளியை முதலில் உறிஞ்சுவது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்ற நொதி என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்நொதியை அடைத்து நிற்கும் நைட்ரிக் ஆக்சைடு ஒளியால் விலகுகிறது. செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது. விடுபட்ட நைட்ரிக் ஆக்சைடு இரத்தக் குழாய்களை விரிக்கிறது. அழற்சியைத் தூண்டும் பொருள்களும் குறைகின்றன. மேல்தோல் புண்களுக்கு 650 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பு ஒளியும், ஆழத்தில் இருக்கும் மூட்டுகளுக்கு 800 முதல் 980 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியும் பொதுவாகப் பயன்படுகின்றன.

இந்தச் சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது அளவுதான். ஒளி குறைந்தால் பயன் இல்லை. மிகுந்தால் தூண்டலுக்கு மாறாகத் தடை ஏற்படுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை ஜூல் என்று அளவு குறிக்கப்படும். ஒரு வாட் என்பது நொடிக்கு ஒரு ஜூல். நாயின் முழங்கையைச் சுற்றி 100 சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு 10 ஜூல் வீதம் கொடுக்க மொத்தம் 1,000 ஜூல் வேண்டும். அரை வாட் வரையுள்ள மூன்று-பி வகைக் கருவிக்கு இது அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை. 10 வாட் தரும் நான்காம் வகைக் கருவி 100 நொடியில் முடித்துவிடும். சில மில்லிவாட் மட்டுமே தரும் கைக்கருவிகளை மூட்டின்மேல் சில நிமிடம் காட்டுவதில் ஏன் பயன் எதிர்பார்க்க முடியாது என்பதும் இக்கணக்கிலேயே தெரியும். போதாக்குறைக்கு, மயிர் ஒளியின் பெரும்பங்கைத் தானே விழுங்கிவிடும். கறுப்பு மயிர் இன்னும் அதிகம் விழுங்கிச் சூடாகும்; எனவே பல இடங்களில் மயிரை மழித்த பிறகே ஒளி செலுத்துகிறார்கள்.

சான்றுகள்

ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. முழங்கை மூட்டுத் தேய்வு கொண்ட 20 நாய்களில் நடந்து 2018-இல் கனடாவின் கால்நடை மருத்துவ இதழில் வெளியான ஆய்வு நம்பிக்கை தருவது. லேசர் பெற்ற 11 நாய்களில் ஒன்பதுக்கு வலிமருந்தின் அளவைப் பாதியோ அதற்கு மேலோ குறைக்க முடிந்தது. போலிச் சிகிச்சை பெற்ற ஒன்பதில் ஒன்றுக்குக்கூட முடியவில்லை. முதுகுத்தண்டு வட்டு அறுவைக்குப் பின் லேசர் பெற்ற நாய்கள் விரைவில் எழுந்து நடந்தன என்றது 2012 ஆய்வு. 2017-இல் வந்த மற்றொன்று வேறுபாடு காணவில்லை. நாய்களின் திறந்த புண்களில் நடந்த 2015 ஆய்விலும் லேசர் பட்ட புண் விரைந்து ஆறவில்லை.

இவற்றை மதிப்பிடும்போது கவனிக்க வேண்டியது, பார்ப்பவரின் ஆசை. நாய் தன் வலியைச் சொல்லாது, வளர்ப்பவர்தான் சொல்கிறார். நொண்டும் நாய்களுக்குப் போலிமருந்து கொடுத்து, தரையில் பதியும் கால் விசையைக் கருவியால் அளந்த 2012 ஆய்வொன்றில், விசை மாறாதபோதும் சுமார் 40 விழுக்காடு மதிப்பீடுகளில் வளர்ப்பவர்கள் முன்னேற்றம் கண்டார்கள். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்ல. சிகிச்சைக்கு முன்னும் சில வாரங்களுக்குப் பின்னும் அதே படியில் ஏறுவதைக் காணொளியில் பதிந்து ஒப்பிடுவது எளிய, நேர்மையான வழி.

நடைமுறை

முதலில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பிறகு வாரம் ஒருமுறை, அதன்பின் தேவைக்கேற்ப என்பது வழக்கமான ஒழுங்கு. மயக்கமருந்து வேண்டியதில்லை. சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்து, அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளைத் தாங்க முடியாத முதிய விலங்குகளுக்கே இதன் மதிப்பு மிகுதி. ஆனால் உடல் எடையைக் குறைப்பதற்கு இது மாற்றாகாது: 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த ஆய்வில், கால் பங்கு குறைவாக உண்டவை சராசரியாக ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்வும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

தீங்குகள்

விழித்திரைக்கு நிலையான சேதம் விளையலாம் என்பதால் அறையில் உள்ள மனிதர்களும் விலங்கும் அலைநீளத்துக்கு ஏற்ற கண்ணாடி அணிய வேண்டும். வலுமிக்க கருவியை ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் வெந்துவிடும். கருவுற்ற வயிறு, தைராய்டு, இரத்தம் கசியும் இடம் ஆகியவற்றின்மேல் செலுத்துவதில்லை. புற்றுக்கட்டியின்மேல் செலுத்தவே கூடாது என்பது பொது விதி. பெரிய உடலுள்ள முதிய நாய்களின் நொண்டலுக்கு எலும்புப் புற்றும் காரணமாக இருப்பதுண்டு. அதனால் முதல் ஒளி படுவதற்கு முன் எக்ஸ்ரே எடுப்பது அவசியம்.