நெடுங்கல் கூறும் நில வரலாறு

மன்னர் நாட்டிய தூண்களில் அவர்தம் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். உழைக்கும் மக்கள் நாட்டிய கற்களில் எழுத்தேதும் இராது. எனினும் அவையும் வரலாற்றுச் சான்றுகளே. அத்தகைய கல்லொன்றை இங்கு நோக்குவோம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பகுதியில், டார்ட்மூர் எனும் மேட்டுநிலம் உளது. பெரும்பாலும் மரமற்ற வெளி. புல்லும் புதரும் சதுப்பும் நிறைந்தது. அங்கு பிளிம் ஆற்றின் மேற்பள்ளத்தாக்கில், டிரிசில்கூம் என்னுமிடத்தில், ஏறத்தாழ 4.3 மீற்றர் உயரமான கருங்கல் ஒன்று நிற்கின்றது. டார்ட்மூரின் நெடுங்கற்களுள் மிக உயர்ந்தது இதுவே. அருகே வேறு இரு நெடுங்கற்களும் உள. ஒவ்வொன்றிலிருந்தும் சிறு கற்களின் வரிசையொன்று மேடு நோக்கிச் சென்று, ஈமக் கற்குவியலில் முடிகின்றது. இவை சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன், வெண்கலக் காலத்து மக்கள் அமைத்தவை. விழுந்து கிடந்த பெருங்கல்லைத் தொல்பொருள் ஆர்வலர் 1893இல் மீண்டும் நிறுத்தினர்.

இரும்புக் கருவியும் பொறியும் இல்லாத காலத்தில், இத்தகைய பாறையை இழுத்து வந்து நிமிர்த்துதல் தனியொருவரால் இயலாது. பலரது கூட்டுழைப்பையே இக்கல் காட்டுகின்றது. அக்காலத்து வட்டவடிவக் கல்வீடுகளின் அடித்தளங்களும் பட்டிகளும் அயலிலேயே காணப்படுகின்றன. கி.மு. 1500 அளவில் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி நீண்ட கல்வரம்புகளாற் பகுக்கப்பட்டது. 1970களில் அன்ட்ரூ பிளெமிங் எனும் ஆய்வாளர் இவ்வரம்புகளின் பழைமையை எடுத்துக்காட்டினார். மக்கள் காடழித்து மேய்ச்சல் நிலமாக்கினர். பின்னர் குளிரும் ஈரமும் மிகவே, குடியிருப்புகள் கைவிடப்பட்டன. ஆகவே, இயற்கையின் வெறுமையெனத் தோன்றும் இவ்வெளி, மனித உழைப்பால் உருமாறிய நிலமாகும்.

இவ்வுண்மை மறக்கப்பட்டதால் நேர்ந்தது யாது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், செல்வர் சிலர் இதனைப் பாழ்நிலமென்று கூறி, மதிலிட்டு வளைத்துக்கொள்ளலாயினர். அயலூரார் தலைமுறை தலைமுறையாக மாடும் ஆடும் மேய்த்த நிலம் இவ்வாறு சுருங்கிற்று. பழங்கற்கள் பலவும் பெயர்க்கப்பட்டு மதில்களுக்கும் பாதைகளுக்கும் பயன்பட்டன. உழைத்தோரின் நினைவுச் சின்னமே உடைமையாளரின் வேலியாயிற்று.

அப்போராட்டம் நம் காலத்திலும் ஓயவில்லை. டார்ட்மூரின் பொதுமேய்ச்சல் நிலங்களில் மக்கள் கூடாரமிட்டு இரவு தங்கும் உரிமையை நிலவுடைமையாளர் வழக்கிட்டு மறுத்தனர். 2023 ஜனவரியில் தீர்ப்பு அவர்கள் பக்கம் சாய்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மாற்றிற்று. 2025 மே மாதம் அதியுயர் நீதிமன்றமும் மக்களின் உரிமையை உறுதிசெய்தது.

வரலாறு கற்பிக்கும் நாம், "வெறுநிலம்" என்ற சொல்லைக் காணுந்தோறும் இரு வினாக்களை மாணவர் முன் வைத்தல் வேண்டும்: அங்கு உழைத்தோர் யாவர்? அதனை வெறுநிலமென அழைத்ததால் ஆதாயம் பெற்றோர் யாவர்?