பெர்சனாலிட்டி டெஸ்ட் மார்க்கை சார்ட்டாகப் போடுவது எப்படி? சராசரியை மட்டும் நம்பலாமா?

வேலைக்கு ஆள் எடுக்கும்போதும், கல்லூரி கவுன்சிலிங்கிலும் பெர்சனாலிட்டி டெஸ்ட் வைப்பது சகஜமாகிவிட்டது. ரிசல்ட் பெரும்பாலும் கலர் கலரான சார்ட்டாகத்தான் கைக்கு வரும். அதை எப்படிப் படிப்பது? பார்க்கலாம்.

எதை அளக்கிறார்கள்?

உளவியலில் அதிகம் பயன்படுவது 'பிக் ஃபைவ்' முறை. புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம் என ஐந்து குணங்கள். 'ஆர்' என்ற இலவச மென்பொருளில் 'சைக்டூல்ஸ்' தொகுப்பை இறக்கினால், பயிற்சிக்கு 'பிஎஃப்ஐ' தரவு கிடைக்கும். குணத்துக்கு 5 வீதம் 25 கேள்விகள். 2,800 பேரின் பதில்கள். ஒவ்வொரு பதிலும் 1 முதல் 6 வரை.

முதல் வேலை என்ன?

சில கேள்விகள் தலைகீழானவை. இணக்கத்தை அளக்கும்போதே, 'அடுத்தவர் மனசு பற்றி எனக்கு அக்கறை இல்லை' என்ற பொருளிலும் ஒரு கேள்வி வரும். அதற்கு 6 போட்டவரின் மதிப்பெண்ணை 7-ல் கழித்து 1 ஆக மாற்ற வேண்டும். இதை விட்டுவிட்டால் சார்ட் எவ்வளவு அழகாக இருந்தும் பிரயோஜனமில்லை.

எந்த சார்ட் சரி?

10 பேரில் 5 பேர் 1, மற்ற 5 பேர் 6 வாங்கினால் சராசரி 3.5. வேறு 10 பேரில் பாதிப் பேர் 3, பாதிப் பேர் 4 வாங்கினாலும் அதே 3.5தான். பார் சார்ட்டில் இரண்டும் ஒரே உயரம்!

செஞ்சி, வல்லம் பக்கத்து மக்களுக்கு இது சுலபமாகப் புரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றின் சராசரி உயரத்தைச் சொன்னால், ராஜகிரி ஏறப்போகிறவருக்கு என்ன உதவி? அதுதான் இருப்பதிலேயே உயரமான மலை.

அதனால் ஜான் டூக்கி அறிமுகப்படுத்திய 'பாக்ஸ் பிளாட்' நல்லது. நடுவிலுள்ள 50 சதவீதம் பேர் எங்கிருந்து எங்கே வரை என்பதைப் பெட்டி காட்டிவிடும். மேலே சொன்ன முதல் குழுவுக்குப் பெட்டி 1 முதல் 6 வரை நீளும். இரண்டாவது குழுவுக்கு 3 முதல் 4 வரைதான்.

சிலந்தி வலை போன்ற 'ரேடார் சார்ட்' பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் குணங்களின் வரிசையை மாற்றினாலே வலையின் வடிவமும் பரப்பும் மாறிவிடும், மதிப்பெண் மாறாமலேயே!

கவனிக்க வேண்டியது

உங்கள் கையில் இப்படியொரு சார்ட் வந்தால் மூன்று கேள்வி கேளுங்க: அளவுகோல் 1-ல் தொடங்குகிறதா? எத்தனை பேரோடு ஒப்பிட்டார்கள்? மதிப்பெண்களின் பரவல் எங்கே? இதற்குப் பதில் இல்லாத சார்ட்டை வைத்து ஒருவரை 'இவர் இப்படித்தான்' என்று முடிவு கட்டுவது நியாயமில்லை.