கையில் எடுத்த சுவர்: கணினியும் கட்டடக்கலையும்

வீடு கட்டிய யாருக்கும் இந்த அனுபவம் இருக்கும். பிளானை விரித்து வைத்து 'இது அறை, இது குசினி' என்று காட்டுவார்கள். நாமும் விளங்கியதுபோலத் தலையை ஆட்டுவோம். சுவர் எழும்பிய பிறகுதான் 'அடடா, கதவை மற்றப் பக்கம் வைத்திருக்கலாமே' என்று தோன்றும். கோடுகளை வாசிப்பதற்கும் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர் தன் வீட்டைப் பற்றிய பேச்சிலேயே ஒதுங்கி நிற்க நேர்கிறது. இந்தக் குறையைக் கணினியைக் கொண்டு தீர்க்க முயன்ற சிலரின் கதை நம்மிடையே அதிகம் பேசப்பட்டதில்லை.

1963இல் ஐவன் சதர்லாந்து, ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையலாம். கணினிவழி வரைதலுக்கு அது பெரும் தொடக்கம். ஆனால் காகிதம் இருந்த இடத்துக்குத் திரை வந்ததே தவிர, கோடு கோடாகவே இருந்தது. வரையத் தெரிந்தவருக்கு வேலை இலகுவானது. தெரியாதவர் முன்பு நின்ற இடத்திலேயே நின்றார்.

வேறு வழியில் யோசித்தவர்களுள் முக்கியமானவர் பிரித்தானியக் கட்டடக் கலைஞர் ஜோன் பிரேசர். 1970களின் பிற்பகுதியில், செட்ரிக் பிரைஸ் வடிவமைத்த 'ஜெனரேட்டர்' என்ற திட்டத்துக்கு அவரும் அவருடைய மனைவி ஜூலியாவும் கணினி ஆலோசகர்களாக இருந்தனர். அமெரிக்காவின் புளோரிடாவில் அமையவிருந்த அதன் அறைகள் 12 அடிக் கனசதுரங்கள். பாரந்தூக்கியால் அவற்றை இடம் மாற்றி வைக்கலாம். ஒவ்வொரு கூறிலும் நுண்செயலி பொருத்துவது, யாரும் நெடுநாள் எதையும் மாற்றாவிட்டால் கணினி 'சலித்துப்போய்' தானே புதிய அமைப்பொன்றைச் சொல்வது என்பது பிரேசர் தம்பதியின் யோசனை. கட்டடம் எழும்பவில்லை, யோசனை தங்கிவிட்டது.

அது எளிய மக்களிடம் வந்து சேர்ந்தது வோல்ட்டர் சீகல் மூலம். செங்கல் வேலையும் பூச்சு வேலையும் இல்லாமல், மரச் சட்டகத்தில் பலகைகளைப் பொருத்தி, தொழில் பழகாதவரும் தன் வீட்டைத் தானே கட்டும் முறையை வகுத்தவர் அவர். லண்டனின் லூயிஷம் பகுதியில் சாதாரணக் குடும்பங்கள் இம்முறையில் வீடு கட்டின. இம்முறைக்கென 1980களின் தொடக்கத்தில் பிரேசர் குழு ஒரு மாதிரியைச் செய்தது. கட்டமிட்ட ஒரு பலகை, அதில் வரிசையாகச் செருகிகள். சுவர், கதவு, யன்னல் ஒவ்வொன்றுக்கும் சிறு தகடு. தகட்டைச் செருகினால் அதிலுள்ள இலத்திரனியல் குறியீட்டைக் கணினி வாசித்துவிடும். எந்த இடத்தில் என்ன நிற்கிறது என்று அறிந்து பிளானை வரையும். பரப்பையும் செலவையும் கணக்கிடும். வீட்டுக்காரர் சுவரைக் கையால் பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் போதும், கணக்கும் மாறும். விசைப்பலகையைத் தொடத் தேவையில்லை.

அதே காலத்தில் ரொபர்ட் எய்ஷும் கட்டைகளை அடுக்கிக் கணினிக்குக் கட்டடத்தைச் சொல்லும் முறையொன்றை முன்வைத்தார். 1979இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்க எழுத்துகளுள் ஒன்று.

இதற்குப் பெயரும் புகழும் வந்தது 1997இல், ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் 'தொட்டுணரும் பிட்டுகள்' என்ற கருத்தை வெளியிட்டபோது. 1999இல் ஜோன் அண்டர்கொப்லரும் இஷியும் 'ஊர்ப்' என்ற மேசையை அறிமுகப்படுத்தினர். மேசையில் கட்டட மாதிரிகளை வைத்தால், மேலிருக்கும் கமரா அவற்றை அடையாளம் காணும். ஒளிவீசி அவற்றின் நிழலை மேசையிலேயே விழுத்தும். கடிகார முள்ளைத் திருப்பினால் காலை நிழல் மாலை நிழலாகும். புதுக் கட்டடம் பக்கத்து வீட்டின் வெயிலை மறைக்கிறதா, தெருவில் காற்று எப்படிச் சுழலும் என்பதையெல்லாம் சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். பிரேசரையும் எய்ஷையும் முன்னோடிகளாக இக்குழுவினர் பின்னர் தம் எழுத்தில் குறிப்பிட்டதும் நல்ல விடயம்.

அப்படியானால் இவை ஏன் பரவவில்லை? காரணங்கள் இருக்கின்றன. அடுக்கிய கட்டையைக் கோப்பாகச் சேமிக்க முடியாது. நேற்றைய நிலைக்கு ஒரு சொடுக்கில் திரும்பவும் முடியாது. மாதிரி பெரிதானால் மேசை போதாது. மவுஸோ மலிவு, எல்லா வேலைக்கும் உதவும். எய்ஷே பிற்காலத்தில் கட்டடக் கலைஞர்களுக்கான 'ஜெனரேட்டிவ் கொம்போனன்ட்ஸ்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அது திரைக்கு முன்னால் இருக்கும் தேர்ந்தவருக்கான கருவி.

இதை வெறும் தோல்வி என்று எழுதிவிட எனக்கு மனமில்லை. ஊர்ப் மேசை நகரத் திட்டமிடுவோருக்கு உதவ வந்தது. சீகலின் மாதிரியோ பிளான் வாசிக்கத் தெரியாத குடும்பத்துக்காக வந்தது. தொழில்நுட்பம் ஒரே வகைதான், ஆனால் மேசையைச் சுற்றி நிற்பவர் வேறு. வரலாறு எழுதுவோர் கருவியின் திறமையைச் சொல்லி நின்றுவிடுகிறார்கள். அது யாருடைய கைக்காகச் செய்யப்பட்டது என்பதையும் கேட்கத்தான் வேண்டும். லூயிஷத்தில் சீகலின் பெயரால் வோல்ட்டர்ஸ் வே என்றொரு தெரு இன்றும் இருக்கிறது. அதிலுள்ள 13 வீடுகளும் குடியிருக்க வந்தவர்களே கட்டியவை.