வேதாளத்தின் புதிய உடல்

வேதாளமென்பது பிணத்தினுட் புகுந்து பேசும் ஆவி. அதன் கதைகளும் உடல் மாறி உடல் மாறியே வாழ்ந்து வந்துள்ளன. 11ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்துச் சோமதேவர், 25 வேதாளக் கதைகளைக் கதாசரித்சாகரத்துள் வடமொழிச் செய்யுளாக அமைத்தார். தமிழில் வழங்கிய வேதாளக் கதையை 1831இற் பாபிங்டன் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1947இல் தோன்றிய ‘அம்புலிமாமா’, அவ்வமைப்பிற் புதுக்கதைகளும் புனைந்து சிறுவர் கையிற் சேர்த்தது. தோளிற் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடக்கும், ஓவியர் சங்கரின் படத்தை மறந்தவர் யார்? கதைக்கு முன்பே அச்சமூட்டியது அப்படமன்றோ!

மலிவான தாளில் அச்சான அவ்விதழ்கள் கைபட்டே நைந்தன. இன்று அவற்றைக் கணினியில் மீட்போர்க்கு இரு வழிகள் உண்டு. பக்கத்தைப் படமாகப் பிடித்தால் ஓவியம் நிற்கும். சொல்லைத் தேட இயலாது. தட்டெழுதினால் தேடலாம், ஆயின், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னிருந்த, தும்பிக்கை தூக்கிய ‘லை’யும் ‘னை’யும் மறைந்துவிடும். படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்தலே தக்கது. நடையைப் புதுக்கி எழுதுதல் மீட்பன்று. அது வேறு பிணத்தைச் சுமத்தலாகும்.

விடைப் பக்கம் கிழிந்த பிரதியாயின், மற்றொரு வீட்டுப் பெட்டியைத் தேடத்தான் வேண்டும். அரசன் வாய் திறவாது வேதாளம் முருங்கை மரம் ஏறுவதெங்ஙனம்?