சஹன் சோறும் குளத்தோரத்துப் பன்றி நெல்லும்



பெரும்போக வேலைகள் தொடங்கும் நேரம் இது. வயலோடு வாழும் நாம் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு வரலாற்றைச் சொல்கிறோம்.

1966ஆம் ஆண்டு பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐஆர்8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. விளைச்சல் அள்ளிக் கொடுத்தது. ஆசியாவின் பல நாடுகளில் பழைய நெல்லினங்கள் ஒதுங்கின, ஒரு சில புதிய இனங்களே வயல்களை நிறைத்தன. பசி குறைந்தது உண்மை. ஆனால் எல்லா வயலிலும் ஒரே சாதிப் பயிர் நின்றால், ஒரு நோய் எல்லா வயலையும் பிடிக்கும்.

1970களின் தொடக்கத்தில் அதுதான் நடந்தது. கபில நிறத் தத்தி பரப்பிய ஒரு வைரஸ் நோயால் நெற்பயிர் புல்லைப் போலக் குட்டையாகி, ஒழுங்காகக் கதிர் தள்ளாமல் நின்றது. விஞ்ஞானிகள் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் நோயைத் தாங்கியது. அது இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரு காட்டு நெல். அதிலும் எல்லாச் செடிகளும் அல்ல, ஒரு சில மட்டுமே.

அந்தக் காட்டு நெல்லைப் பயிரிடும் நெல்லோடு திரும்பத் திரும்பக் கலந்து, குர்தேவ் குஷ் என்ற விஞ்ஞானியின் குழு உருவாக்கிய ஐஆர்36 இனம் 1976இல் வெளிவந்தது. 1980களின் தொடக்கத்தில் அது சுமார் 1 கோடியே 10 இலட்சம் ஹெக்டெயரில் விளைந்தது. அந்தச் செடிகள் நின்ற இடத்தை யாராவது முன்னரே மண் போட்டு மூடியிருந்தால்?

இனி நமது ஊருக்கு வருவோம். அதே காட்டு நெல் இலங்கையிலும் இருக்கிறது. சிங்களத்தில் 'ஊறு வீ', அதாவது பன்றி நெல் என்பார்கள். குளத்தோரத்திலும் சதுப்பிலும் நிற்கும். மணியில் நீண்ட வால் இருக்கும், முற்றியதும் உதிர்ந்துவிடும். இலங்கையில் 5 வகைக் காட்டு நெல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று உலகில் வேறெங்கும் இல்லை, நமது நாட்டின் உலர் வலயத்தில் மட்டுமே வளர்கிறது.

கன்னொறுவையிலுள்ள மரபணு வள நிலையம் விதைகளைக் குளிரூட்டிப் பாதுகாக்கிறது. நல்ல காரியம். ஆனால் குளிர் அறையில் விதை உறங்குகிறது. குளத்தோரத்தில் நிற்கும் செடிதான் வருடா வருடம் புதிய நோயையும் வரட்சியையும் சந்தித்துப் பழகுகிறது. இரண்டும் வேண்டும்.

வயலுக்குள் களையாக வரும் நெல்லைப் பிடுங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் குளக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் தேவையில்லாமல் களைநாசினி அடிப்பதையும், சதுப்பை மூடிக் காணியாக்குவதையும் நிறுத்துவோம். பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிச் சென்று அந்தச் செடியைக் காட்டுவோம்.

நாம் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் சோற்றுக்கு, நாம் விதைக்காத ஒரு நெல்லும் காவல் நிற்கிறது. அது நம்மிடம் உள்ள அமானிதம். நமது பேரப்பிள்ளைகளுக்குப் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போவோம்.