பாண்டிநாட்டுக் குதிரை இழப்பு: பராமரிப்பும் வணிக நலனும்

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டியர் படைக்கு அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரைகள் பெருந்தொகையாக இறக்குமதியாயின. அவை விரைவில் மாண்டமைக்குத் தமிழகத்தின் தட்பவெப்பமே காரணம் எனக் கூறி அமைவது எளிது. அம்முடிபு மீளாய்வுக்குரியது.

1292 அளவில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினான் என்றும், ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சவில்லை என்றும் எழுதினார். அவர் தட்பவெப்பத்தையும் குறிப்பிடுகின்றார். எனினும் இறைச்சியுடன் வெந்த சோறு தீனியாக அளிக்கப்பட்டமையும், லாடம் அடித்து நோய் தீர்க்க வல்லோர் இன்மையும் அவர் கூற்றில் இடம்பெறுகின்றன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் மேலும் தெளிவாக உரைக்கின்றார்: வறுத்த வாற்கோதுமையும் நெய்யும் காய்ச்சிய பாலும் ஊட்டப்பட்டு, நாற்பது நாட்கள் லாயத்தில் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைக்கப்பட்ட குதிரைகள், பின்னர் எவ்விதப் பயிற்சியுமின்றிக் கடுமையாக ஓட்டப்பட்டன, வலிமை மிக்கனவும் சில காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போயின.

இவ்விவரணம் கால்நடை மருத்துவ நோக்கில் நம்பத்தக்கது. அசைவின்றி நின்ற குதிரைக்குத் தானியத்தை மிகுதியாக ஊட்டின் வயிற்று நோவும் குளம்பினுள் அழற்சியும் தோன்றும்; ஓய்வின்பின் திடீரென ஓட்டின் தசைகள் சிதையும். இவ்வறிவு புதியதன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனொபொன், வாற்கோதுமை மிகுதியால் வரும் நோயை அறிந்திருந்தார்; தீனியைக் குதிரை சிதறுவதே நோயின் முதற்குறி, அந்நிலையிற் குணப்படுத்தல் எளிது என்றார். அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், மித்தானி நாட்டுக் குதிரைப் பயிற்றுநர் கிக்குலி, தேர்க்குதிரைகளின் தீனி, நீர், குளிப்பு, ஓட்டத்தூரம் ஆகியவற்றை நாளுக்கு நாள் வகுத்து, உழைப்பைப் பல மாதங்களிற் படிப்படியாக உயர்த்தும் முறையை வகுத்திருந்தார். இன்று பந்தயக் குதிரைகளையும் தடைதாண்டும் குதிரைகளையும் ஊனமின்றிக் காப்பதற்கும் இதே நெறியே அடிப்படையாகும்.

அவ்வாறாயின் இவ்வறிவு பாண்டியர் லாயங்களை எட்டாதது ஏன்? மருத்துவம் அறிந்தோர் அங்கு செல்லாதவாறு வணிகரே தடுத்தனர் என்பது மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டு. மாண்ட குதிரைக்கு ஈடாக மற்றொன்று விற்பனையாகும் அன்றோ? வஸ்ஸாப் கூறும் உடன்படிக்கையும் இதனோடு ஒத்துநோக்கத்தக்கது. ஆண்டுக்கு 1400 குதிரைகள். ஒன்றின் விலை 220 பொன் தினார். வழியில் இறந்தவற்றுக்கும் மன்னனே விலை செலுத்தவேண்டும். அப்பணமோ கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயிற் பெண்டிர்மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்தும் பெறப்பட்டது என்கின்றார். இழப்பு விற்போனையும் தாக்கவில்லை. அரச கருவூலத்தையும் தாக்கவில்லை. எனவே, குதிரையைக் காக்கவேண்டிய பொருளாதார நிர்ப்பந்தம் எவருக்கும் இருக்கவில்லை.

இவ்விருவரும் அயலார், எண்ணிக்கைகளில் மிகைப்பாடு இருக்கலாம். வணிகரின் சதியை இச்சான்றுகள் மட்டும் கொண்டு நிறுவவும் இயலாது. ஆயினும் இரு சான்றுகளும் தட்பவெப்பத்தினும் மேலாகப் பராமரிப்பின் குறைபாட்டையே சுட்டுகின்றன. பராமரிப்பு என்பது அறிவு மட்டுமன்று. அவ்வறிவு எவர் கையில் இருந்தது, இழப்பை எவர் சுமந்தனர் என்பனவும் அதனுள் அடங்கும். தமிழகக் குதிரைப்படை வரலாற்றை எழுதுவோர் போர்க்களத்தோடு லாயத்தையும் நோக்குதல் வேண்டும்.