யார் யாருடன் அமர்ந்து உண்பது? இந்திய உயர்தர உணவகத்தின் சமூக வரலாறு

இந்திய அரசியலமைப்பின் 15ஆவது உறுப்பின் இரண்டாம் கூறு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் மறுக்கப்படக் கூடாத இடங்களைப் பட்டியலிடுகிறது. கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவை அப்பட்டியலில் இடம்பெற்றதற்கான காரணத்தை இந்தியச் சமூக வரலாற்றை ஓரளவு அறிந்தவரும் உடனே சொல்லிவிடுவர். ஆனால் அவற்றுக்கும் முன்பாகக் கடைகளும் பொது உணவகங்களும் விடுதிகளும் அங்கே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன. காசு கொடுத்து ஒரு மேசையில் அமர்ந்து உண்பது என்னும் எளிய செயலுக்கு அரசியலமைப்பின் காவல் ஏன் தேவைப்பட்டது? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தியாவின் உயர்தர உணவகங்களின் வரலாற்றை எழுத இயலாது. அவ்வரலாறு பெரும்பாலும் சமையற்கலைஞர்கள், பதார்த்தங்கள், புகழ்பெற்ற விருந்தினர்கள் ஆகியோரின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. யார் யாருடன் அமர்ந்து உண்ணலாம் என்பது குறித்த நீண்ட சச்சரவின் வரலாறாகவும் அதை வாசிக்க வேண்டும்.

உணவகம் என்ற நிறுவனம் இன்றைய வடிவைப் பெற்றது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸ் நகரில். ‘ரெஸ்டாரண்ட்’ என்ற பிரெஞ்சுச் சொல் முதலில் இடத்தைக் குறிக்கவில்லை. உடல் நலிந்தோருக்குத் தெம்பூட்டும் இறைச்சிச் சாற்றையே குறித்தது. அச்சாற்றை விற்ற கடைகள் மெல்ல மெல்லத் தனித்தனி மேசை, அச்சிட்ட உணவுப் பட்டியல், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் குறித்த விலை, விரும்பிய நேரத்தில் விரும்பியதை உண்ணும் வசதி என்னும் ஏற்பாட்டை உருவாக்கின. முன்பின் அறியாதவர்கள் ஒரே கூடத்தில், ஒருவர் கண்ணெதிரே மற்றவர் உண்பது என்பது இதன் அடிப்படை. அங்கு நுழைவதற்குக் குலமோ அறிமுகமோ வேண்டியதில்லை. பணம் போதும் என்பதே அதன் கொள்கை.

இந்தியாவில் உணவு பரிமாறப்பட்ட முதன்மையான வடிவம் பந்தி. பந்தியில் அமர்வோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். உறவாலோ சாதியாலோ பிணைக்கப்பட்டவர்கள். எவர் எந்த வரிசையில் அமர்வது, எவர் கையால் சமைத்ததை எவர் உண்பது, எவர் முன் எவர் உண்ணலாகாது என்பவை விரிவான விதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தன. ஒரே வரிசையில் அமர்ந்தவர்களிடையே வேறுபாடு காட்டிப் பரிமாறுவதைப் ‘பந்தி வஞ்சனை’ என்று தமிழ் பழித்தது உண்மையே. ஆயினும் அப்பழி ஒரே பந்தியில் அமரத் தகுதி பெற்றவர்களைப் பற்றியது மட்டுமே. பந்திக்கே வர இயலாதவர்களைப் பற்றி அச்சொல் எதுவும் பேசவில்லை.

ஐரோப்பிய பாணி உணவுக்கூடம் இந்தியாவுக்குள் நுழைந்தது காலனிய விடுதிகள் வழியாக. 1840களில் தொடங்கப்பட்டுப் பின்னர் கிரேட் ஈஸ்டர்ன் என்று பெயர் பெற்ற கல்கத்தா விடுதி, 1871இல் திறக்கப்பட்ட பம்பாயின் வாட்சன் விடுதி, சௌரங்கியில் ஏஞ்செலோ ஃபிர்போ என்ற இத்தாலியர் 1917இல் தொடங்கிய ‘ஃபிர்போஸ்’ ஆகியவை ஆட்சியாளர்களின் நகர வாழ்க்கைக்காக உருவானவை. அங்கே இன வேறுபாடு மேசையை ஆண்டது. வாட்சன் விடுதியில் ஜாம்செட்ஜி டாட்டாவுக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகவும் அதன் விளைவாகவே 1903 டிசம்பரில் தாஜ்மகால் விடுதி எழுந்ததாகவும் ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். எனினும் அக்கதை ஒரு நூற்றாண்டுக் காலம் நம்பப்பட்டு வந்திருப்பதே கவனத்துக்குரியது. ஒரு மாபெரும் விடுதி தோன்றியதற்கு, வாசலில் நேர்ந்த அவமதிப்பைவிடப் பொருத்தமான காரணம் இந்தியர்களுக்குத் தோன்றவில்லை.

இன வேறுபாடு ஒருபுறமிருக்க, இந்தியச் சமூகம் தனக்குத்தானே விதித்துக்கொண்ட தடைகள் இன்னும் வலுவானவை. 1890 அக்டோபரில் பூனாவின் பஞ்ச் ஹௌத் மிஷனில் ஒரு சொற்பொழிவுக்குப் பிறகு வந்திருந்தோருக்குத் தேநீரும் பிஸ்கட்டும் அளிக்கப்பட்டன. ராணடே, திலகர் உள்ளிட்ட முக்கியப் பிரமுகர்கள் அங்கிருந்தனர். சிலர் அருந்தினர், சிலர் கோப்பையைக் கையில் வாங்கியதோடு நிறுத்திக்கொண்டனர். கோபாலராவ் ஜோஷி அவர்களது பெயர்ப்பட்டியலைச் செய்தித்தாளில் வெளியிட்டார். கிறித்தவர் கையால் தேநீர் பெற்ற குற்றம் சங்கராச்சாரியார் வரை சென்றது, விசாரணைக் குழு அமைந்தது, பிராயச்சித்தம் விதிக்கப்பட்டது. காசியில் தாம் ஏற்கெனவே பிராயச்சித்தம் செய்துவிட்டதாகத் திலகர் வாதிட்டார். ராணடே 1892இல் பிராயச்சித்தத்துக்கு உடன்பட்டபோது, சீர்திருத்தத்தில் அவரோடு நின்றவர்களே அவரைக் குறை கூறினர். உயர் நீதிமன்ற நீதிபதியாக உயரவிருந்த ஒருவர் ஒரு கோப்பைத் தேநீருக்காகச் சமூகத்தின் முன் விடை சொல்ல நேர்ந்தது.

ஆனால் நகரங்களின் வளர்ச்சி அத்தகைய கட்டுப்பாட்டுக்கு ஒத்துழைக்கவில்லை. ஆலைத் தொழிலாளர்களும் அலுவலக எழுத்தர்களும் மாணவர்களும் வீட்டுக்கு வெளியே உண்டாக வேண்டியிருந்தது. பம்பாயில் வெளியில் உண்ணும் வழக்கத்தை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் ஃபிராங்க் கான்லன், அவ்வழக்கம் தேவையிலிருந்து விருப்பத்துக்கு நகர்ந்த பாதையைக் காட்டுகிறார். சாதிவாரியான உணவு விடுதிகள், தெருமுனை இரானிக் கடைகள், பின்னர் உடுப்பி உணவகங்கள் என்று அப்பாதை சென்றது. தடைகள் மறையவில்லை, உருமாறின. இரயில் நிலையங்களில் ‘இந்துத் தண்ணீர்’, ‘முஸ்லிம் தண்ணீர்’ எனத் தனித்தனியே வழங்கப்பட்டன. சமைப்பவர் பிராமணர் என்ற உறுதிமொழி பல உணவகங்களுக்கு விளம்பரமாயிற்று. சென்னை திருவல்லிக்கேணியில் அத்தகைய ஒரு பெயர்ப்பலகைக்கு எதிராக 1957இல் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீடித்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஏழாண்டுகள் கடந்த பின்னரும் அது தேவைப்பட்டது.

இத்தடைகளை நேரடியாக எதிர்த்தவர்கள் உணவையே போராட்டக் களமாக்கினர். 1917 மே மாதம் கொச்சி சமஸ்தானத்தின் செறாயியில் சகோதரன் ஐயப்பன் ‘மிஸ்ரபோஜனம்’ என்னும் கலப்பு விருந்தை நடத்தினார். ஈழவர்கள் புலையர்களோடு அமர்ந்து உண்டனர். அவரைப் ‘புலையன் ஐயப்பன்’ என்று எதிர்ப்பாளர்கள் ஏளனம் செய்தனர். அவர் அப்பெயரைப் பெருமையாகவே ஏற்றார். அதே ஆண்டில், கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று திரும்பிய அம்பேத்கர் பரோடா சமஸ்தானப் பணியில் சேரச் சென்றார். இந்து விடுதிகள் அவரை ஏற்கா என்பது அவருக்குத் தெரியும். பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பல்லாண்டுகளுக்குப் பிறகும் அந்நிகழ்வைக் கண்ணீரின்றி நினைக்க முடியவில்லை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார். அரசியலமைப்பு வரைவுக்குழுவின் தலைவர், விடுதியின் வாசலில் நிறுத்தப்படுவது எத்தகையது என்பதைத் தம் அனுபவத்தால் அறிந்தவர்.

1948 நவம்பர் 29 அன்று அரசியலமைப்பு நிர்ணய சபையில் இப்பிரிவு விவாதிக்கப்பட்டபோது, ‘கடை’ என்ற சொல் சலவையகத்தையும் முடிதிருத்தகத்தையும் உள்ளடக்குமா என்ற வினா எழுந்தது. பொதுமக்களுக்குச் சேவை அளிக்க முன்வரும் எவரையும் அச்சொல் தழுவும் என்று அம்பேத்கர் விளக்கமளித்தார். அடிப்படை உரிமைகள் பலவும் அரசைக் கட்டுப்படுத்துபவை. இப்பிரிவோ தனியார் உணவக உரிமையாளரையும் கட்டுப்படுத்துவது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் ஒரு படி மேலே சென்று, உணவகத்துக்குள் நுழைவதை மட்டுமன்றி அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் உரிமையாக்கியது. உள்ளே விட்டுவிட்டுத் தனிக் குவளையில் தருவது என்னும் தந்திரத்தைச் சட்டம் இயற்றியவர்கள் நன்கறிந்திருந்தனர்.

சட்டம் ஒருபுறம் வாசலைத் திறக்க, தேசப் பிரிவினை மறுபுறம் உணவகத்தின் உள்ளடக்கத்தையே மாற்றியது. பெஷாவரிலிருந்து ஏதிலியாக வந்த குந்தன்லால் குஜ்ரால் தம் கூட்டாளிகளுடன் 1947இல் தில்லி தரியாகஞ்சில் ‘மோத்தி மஹால்’ உணவகத்தைத் தொடங்கினார். பஞ்சாபின் கிராமங்களில் பல குடும்பத்துப் பெண்கள் கூடி ரொட்டி சுட்ட பொதுத் தந்தூர் அடுப்பு, தலைநகரின் உணவகத்துக்குள் வந்தது. தந்தூரிக் கோழியும் பட்டர் சிக்கனும் அங்கிருந்து உலகெங்கும் பரவின. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தவர் யார் என்பது குறித்து 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கே தொடுக்கப்பட்டது. கன்னாட் பிளேஸில் 1940இல் தோன்றிய ‘குவாலிட்டி’, 1942இல் தோன்றிய ‘யுனைடெட் காஃபி ஹவுஸ்’, கல்கத்தா பார்க் தெருவின் இசையும் நடனமும் கூடிய உணவகங்கள் ஆகியவை ஆங்கிலேயர் விட்டுச் சென்ற நாற்காலிகளில் இந்திய நடுத்தர வர்க்கத்தை அமர்த்தின. சமையல் நூல்கள் வழியே நகர்ப்புற நடுத்தர வர்க்கம் ஒரு தேசிய உணவு மரபைக் கட்டியெழுப்பியதை அர்ஜுன் அப்பாதுரை 1988இல் விளக்கினார். உணவகங்களும் அப்பணியில் பங்கு கொண்டன. விலையின் பொருட்டு அங்கு ஒன்றுகூடியவர்கள் அருகமர்ந்தவரின் சாதியைக் கேட்கவில்லை, கேட்க இயலவுமில்லை.

1978இல் புதுதில்லி மௌரியா விடுதியில் திறக்கப்பட்ட ‘புகாரா’ இன்னொரு திருப்பம். நட்சத்திர விடுதியின் உணவுக்கூடம் என்றாலே கத்தி, முள்கரண்டி என்றிருந்த காலத்தில், விருந்தினரைக் கையால் உண்ணச் சொன்னது அது. கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு மேலாடை தரப்பட்டது. இரவு முழுவதும் தணலில் வெந்த உளுத்தம்பருப்பு அதன் அடையாளமாயிற்று. அடுத்த பத்தாண்டில் அதே விடுதியில் ‘தம் புக்த்’ தோன்றியது. அதை உருவாக்கியவர் லக்னோவின் பாவர்ச்சி மரபில் வந்த இம்தியாஸ் குரேஷி. 2016இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கையால் உண்பதை நாகரிகக் குறைவாகக் கருதிய காலனியப் பார்வை அங்கே தோற்றது என்று கொண்டாடலாம். அதே வேளையில், நட்சத்திர விடுதியில் கையால் உண்பது அனுபவமாகவும், சாலையோரத்தில் கையால் உண்பது இயலாமையாகவும் பார்க்கப்படுவதை மறந்துவிடலாகாது. ஒரே செயலின் மதிப்பை அது நிகழும் இடம் தீர்மானிக்கிறது.

இன்றைய உயர்தர உணவகத்தின் வாசலில் சாதியின் பெயரால் எவரும் நிறுத்தப்படுவதில்லை. ‘அனுமதி வழங்கும் உரிமை நிர்வாகத்துக்கு உட்பட்டது’ என்ற பலகை மட்டும் இருக்கிறது. ஆடை, மொழி, தோற்றம் ஆகியவை அப்பலகையின் நடைமுறை அளவுகோல்கள். 2014இல் வேட்டி அணிந்து வந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு மன்றம் உள்ளே விட மறுத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் அதே ஆண்டில் அத்தகைய தடைக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. 2021இல் தில்லி உணவகம் ஒன்றில் சேலை அணிந்த பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்டதாக எழுந்த சர்ச்சை நாடெங்கும் பேசப்பட்டது. இவற்றைவிட ஆழமானது 2016இல் கொல்கத்தாவில் நிகழ்ந்தது. தம் ஓட்டுநரை உடன் அழைத்துச் சென்று உணவருந்த விரும்பிய பெண்ணுக்கு, அந்த ஓட்டுநரின் உடையைக் காரணம் காட்டிப் புகழ்பெற்ற ஓர் உணவகம் இடம் மறுத்தது. நீதிபதிக்கு நேர்ந்த அவமதிப்பு சட்டமாயிற்று. ஓட்டுநருக்கு நேர்ந்தது சில நாள் செய்தியாக முடிந்தது.

15ஆவது உறுப்பின் சொற்களை இவ்விடத்தில் மீண்டும் வாசிக்க வேண்டும். வர்க்கம் அப்பட்டியலில் இல்லை, ஆடையும் இல்லை. விலைப்பட்டியலே பலரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. விலையைக் கடந்து வந்தவரை நிறுத்த ஆடை விதி காத்திருக்கிறது. ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், குழந்தையைக் கவனிக்கும் ஆயா ஆகியோர் எந்தச் சமூகங்களிலிருந்து பெரும்பாலும் வருகின்றனர் என்ற வினாவை எழுப்பினால், சாதி இன்னொரு பெயரில் அதே வாசலுக்குத் திரும்புவது தெரியும்.

மேசைக்கு மறுபுறம் நிற்போரின் வரலாறு இன்னும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. பரிமாறுபவரின் கூலியை யார் தருவது என்ற வினா அண்மையில் சேவைக் கட்டணச் சர்ச்சையாக வெளிப்பட்டது. அக்கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை உறுதிசெய்தார். விவாதம் முழுவதும் உண்பவரின் உரிமை, உரிமையாளரின் உரிமை ஆகிய இரண்டைச் சுற்றியே நடந்தது. தட்டேந்தி நிற்பவரின் குரல் அதில் மிக மெலிதாகவே கேட்டது.

உயர்தர உணவகத்தின் வரலாற்றை எழுத முனையும் இளம் ஆய்வாளருக்கு உணவுப் பட்டியல்களும் விளம்பரங்களும் பயண நூல்களும் எளிதில் கிட்டும். அவற்றோடு நீதிமன்றத் தீர்ப்புகளையும் காவல்நிலையப் புகார்களையும் தொழிற்சங்க ஆவணங்களையும் தன்வரலாறுகளையும் சேர்த்து வாசித்தால்தான் வரலாறு முழுமை பெறும். 1890இல் தேநீர்க் கோப்பையைத் தொட்டு வைத்துவிட்டவர்கள் அருகில் இருந்தவரின் மதத்துக்கு அஞ்சினர். 2016இல் ஓட்டுநருக்கு நாற்காலி தர மறுத்தவர்கள் அருகில் அமரவிருந்த மற்ற விருந்தினரின் முகச்சுளிப்புக்கு அஞ்சினர். இவ்விரு அச்சங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வளவு என்பதை அளப்பதே அவ்வரலாற்றின் முதல் பணி.